வெக்கை நோய் ஒழிப்பு: இராயபுரம் முதல் இராணிப்பேட்டை வரை

வெக்கை நோய் என்பது மாடு, எருமை ஆகியவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவந்த ஒரு வைரசு நோய் ஆகும். மனிதரைத் தாக்கிய பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது. விலங்கு நோய்களில் இதுவே முதலாவது. இந்தியாவில் இந்நோயின் கடைசித் தாக்குதல் 1995இல் அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் பதிவானது. வெக்கை நோய்க்குத் தடுப்பூசி தயாரித்த இராணிப்பேட்டை நிலையமும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. மருந்து தயாரித்த மாவட்டத்திலேயே நோய் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது எப்படி என்ற கேள்வி, எல்லை தாண்டும் கால்நடை நோய்கள் அனைத்தையும் புரிந்துகொள்ள உதவும்.

நோயின் தன்மை

இந்நோயின் வைரசு, குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரசின் நெருங்கிய உறவு. நோய் கண்ட மாட்டுக்குக் கடும் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயில் புண் உண்டாகும். பின்னர் கடும் கழிச்சல் ஏற்பட்டுச் சில நாட்களில் மாடு இறந்துவிடும். முன்பு நோயே காணாத மந்தையில் புகுந்தால் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிவதுண்டு.

ஆனால் இந்த வைரசுக்குச் சில பலவீனங்களும் இருந்தன. மாட்டின் உடலுக்கு வெளியே அது நெடுநேரம் உயிர் வாழாது. பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுவதும் எதிர்ப்பு சக்தி இருக்கும். அந்த மாடு பிற மாடுகளுக்கு நோயைப் பரப்புவதும் இல்லை. எனவே வெக்கை நோய் நிலைத்திருக்க ஒரே வழி, நோயுற்ற விலங்கு நலமுள்ள விலங்கை நெருங்குவதுதான். சந்தை, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, இருப்புப் பாதை, கப்பல் என விலங்குகள் நகர்ந்த வழிகள் எல்லாம் அதற்கும் வழியாயின.

தென்னாப்பிரிக்கா தந்த பாடம்

எல்லையை அடைத்தால் நோய் நின்றுவிடும் என்ற நம்பிக்கை மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது தென்னாப்பிரிக்காவில்தான். 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் புகுந்த வெக்கை நோய், 1896இல் சாம்பசி ஆற்றைக் கடந்து தெற்கே இறங்கியது. நோய் கண்ட மந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. நீண்ட கம்பிவேலிகள் போடப்பட்டுக் காவலும் வைக்கப்பட்டது. ஆயினும் நோய் வேலியைக் கடந்தது. 1897இல் அது நேட்டாலையும் எட்டியது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் முதல் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்று இறங்கிய நாடு அது. எருதுகள் மடிந்ததால் வண்டிப் போக்குவரத்து நின்றது. மாட்டையே செல்வமாகக் கொண்ட ஆப்பிரிக்க மக்கள் ஒரே ஆண்டில் ஏழைகளாயினர்.

கடல் வழியே வந்த ஆபத்தை 1920இல் ஐரோப்பாவும் கண்டது. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் சென்ற திமில் மாடுகள், வழியில் பெல்சியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றின் வழியாக வெக்கை நோய் அந்நாட்டில் பரவியது. இந்த அதிர்ச்சியே 28 நாடுகளை ஒன்றுசேர்த்தது. 1924 சனவரி 25 அன்று பாரிசில் பன்னாட்டு விலங்கு நோய் அலுவலகம் உருவாயிற்று. ஒரு நாட்டில் நோய் தோன்றினால் மறைக்காமல் பிற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி.

துறைமுகமும் இருப்புப் பாதையும்

சென்னை மாகாணத்தில் இச்சிக்கல் முன்பே உணரப்பட்டிருந்தது. கால்நடைத் தொற்று பரவுவதைத் தடுக்க 1866இலேயே இங்கு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1856இல், தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை ஓடத் தொடங்கியிருந்தது. வாலாசா ரோடு இராணிப்பேட்டைக்கு அருகில் உள்ள நிலையம். துறைமுகத்தை ஒட்டிய வடசென்னையும், தோல் பதனிடும் தொழில் வளர்ந்த பாலாற்றுப் பகுதியும் இப்படி இரும்பால் இணைந்தன. பல நாள் நடந்து கடக்க வேண்டிய தூரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. சரக்குக்கு இது நன்மை. நோய்க்கோ, நோய் அறிகுறி தெரியும் முன்பே விலங்கு வேறு ஊர் போய்ச் சேர்ந்துவிடும் வாய்ப்பு.

எல்லாத் துறைமுகங்களுக்கும் பொருந்தும் வகையில் 1898இல் இந்தியக் கால்நடை இறக்குமதிச் சட்டம் வந்தது. கப்பலில் வரும் விலங்குகளைத் தடுக்கவும் தனிமைப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் அளித்த இச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடப்பில் உள்ளது. நடுவண் அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் சென்னையிலும் இயங்குகிறது. ஆனால் வெக்கை நோய் நாட்டுக்குள்ளேயே நிலைத்திருந்ததால் துறைமுகக் கண்காணிப்பு மட்டும் போதவில்லை.

இந்தியா தேர்ந்த வழி

ஐரோப்பிய நாடுகள் நோயுற்ற மந்தைகளைக் கொன்று நோயை ஒழித்தன. உழவும் பாலும் வண்டியும் மாட்டை நம்பி இருந்த இந்தியாவில், மாட்டைக் கொல்வதற்கு மக்கள் மனமும் இடம் தராது. திறந்த மேய்ச்சல் நிலத்தில் வேலி போடுவதும் இயலாது. எஞ்சிய வழி தடுப்பூசி.

1889இல் பூனாவில் தொடங்கிய ஆய்வுக்கூடம், கிருமிகள் ஊருக்குள் பரவக்கூடாது என்பதற்காக 1893இல் இமயமலைச் சரிவில் உள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. அங்கு 1920களில் எட்வர்ட்சு என்ற அறிவியலாளர், வைரசை ஆடுகளின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி வீரியம் குறைத்து, மாட்டுக்குப் போடத்தக்க தடுப்பூசியை உருவாக்கினார். சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1932இல் தொடங்கப்பட்ட சீரம் நிலையம் பின்னர் இராணிப்பேட்டைக்கு மாறி, கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் எனப் பெயர் பெற்றது. 1960 அளவில் கென்யாவில் வால்டர் ப்ளோரைட் உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசி, பக்கவிளைவு குறைந்ததாக இருந்தது. இராணிப்பேட்டையிலும் அவ்வகைத் தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற கால்நடை ஆய்வாளர்களும் உதவியாளர்களும் இப்பணியின் முதுகெலும்பாக இருந்தனர்.

1954இல் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மாநில எல்லைகளில் சோதனைச் சாவடிகள் அமைக்கப்பட்டு, கடந்து செல்லும் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மறையவில்லை.

சாவடியைக் கடந்தவை

ஏன் மறையவில்லை? முதலாவதாக, சாவடி இருப்பது நெடுஞ்சாலையில். மந்தை போவதோ காட்டுப்பாதையிலும் ஏரிக்கரையிலும். இரண்டாவதாக, நோயை அறிவிக்கும் உடைமையாளருக்குச் சந்தை மூடப்படுவதும் விற்பனை நிற்பதும்தான் கிடைக்கும் பலன். எனவே மறைப்பது இயல்பாயிற்று. மூன்றாவதாக, ஒவ்வோராண்டும் எத்தனை மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது என்ற கணக்கே பணியின் அளவுகோலாக இருந்தது. ஊசி போடாமல் விடுபட்ட மூலைகளில் நோய் உயிர்த்திருந்ததை அந்தக் கணக்கு காட்டவில்லை.

நான்காவது காரணம் ஆடுகள். தென்னிந்தியாவில் ஆடுகளிடம் காணப்பட்ட ஒரு நோய் நெடுங்காலம் வெக்கை என்றே கருதப்பட்டது. 1987இல் விழுப்புரம் அருகே அரசூரில் கண்டறியப்பட்டது வேறொரு வைரசு என்று ஆய்வில் உறுதியானது. அதுவே இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய். ஆனால் உண்மையான வெக்கையும் ஆட்டின் வழியே பயணம் செய்யக்கூடியதே. 1946 முதல் வெக்கை இல்லாதிருந்த இலங்கையில் 1987இல் அது மீண்டும் தோன்றியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்ட ஆடுகளே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. சட்டமும் சாவடியும் மாட்டையே பார்த்துக்கொண்டிருக்க, நோய் ஆட்டின் உருவில் கடலைக் கடந்தது.

ஊசியை நிறுத்திய துணிவு

1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அப்போது நோய் எஞ்சியிருந்தது தென்மாநிலங்களில்தான். ஊசிக் கணக்கைவிட நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதன்மையான பணியாயிற்று. ஊழியர்கள் ஊர்தோறும் சென்று, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்ட மாடு உண்டா என்று கேட்டனர். இரத்த மாதிரிகள் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன. நோய் தெரிந்த இடத்தைச் சுற்றி முழுமையாகத் தடுப்பூசி போடப்பட்டது.

1995க்குப் பிறகு புதிய தாக்குதல் இல்லை. அதன் பின் வந்தது கடினமான முடிவு. நோய் இல்லை என்று உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டுமானால் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். ஊசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்திலும் ஒரே வகை எதிர்ப்பொருள் இருப்பதால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. ஊசியை நிறுத்திய பிறகு எங்கேனும் ஒரு மூலையில் நோய் இருந்திருந்தால் பேரழிவு நேர்ந்திருக்கும். படிப்படியாக ஊசி நிறுத்தப்பட்டது; கண்காணிப்பு தொடர்ந்தது. 2004இல் வெக்கை நோய் இல்லாத நாடு என்றும், 2006இல் அதன் தொற்றே இல்லாத நாடு என்றும் இந்தியா பன்னாட்டு ஏற்பு பெற்றது. 2001இல் கென்யாவில் கண்டதே உலகில் அறியப்பட்ட கடைசி நோய்த்தாக்குதல். 2011இல் உலகமே இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய தேவை

இன்று வடசென்னையைச் சுற்றிச் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் உள்ளன. திருவொற்றியூருக்கு மேற்கே மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989 முதல் இயங்கிவருகிறது. அரசூரில் கிடைத்த வைரசைக் கொண்டே அப்பல்கலைக்கழகம் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கியது. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் இலக்கு. கோமாரி நோயைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 2019இல் தனித் திட்டம் தொடங்கியது.

இவ்விரு நோய்களிலும் பழைய கேள்வி திரும்ப வரும். ஓர் ஊரில் இரண்டு ஆடுகள் கழிச்சலால் விழுந்தால், அதன் உடைமையாளர் கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி சொல்வாரா, அல்லது எஞ்சியவற்றை மறுநாளே சந்தையில் விற்றுவிடுவாரா? சொல்பவர் நட்டப்படாத நிலை இருந்தால்தான் செய்தி வரும். வெக்கை நோய் ஒழிப்பில் சாவடிகளால் இயலாததைச் செய்தது, ஊரில் கேட்டறிந்து உடனே அனுப்பப்பட்ட அந்தச் செய்திதான்.