பிளாஸ்டிக்கா, அலுமினியமா? ஸ்போர்ட் ரிம்முக்கு ஏற்ற ஹப் ரிங் எது?

சிகாமட் - புது ஸ்போர்ட் ரிம் பூட்டி, பேலன்சிங் செய்த பிறகும் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா? குறை டயரில் இல்லாமல், ரிம்மின் நடுத் துளையில் இருக்கலாம்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் குடம் இருப்பதுபோல், காருக்கு ஹப். அசல் ரிம்மின் நடுத் துளை அதில் கச்சிதமாக உட்காரும். மைவியின் ஹப் விட்டம் 54.1 மில்லிமீட்டர்; ஹோண்டா சிட்டிக்கு 56.1. வெளியில் வாங்கும் ரிம் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால், துளையைப் பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 என்று பெரிதாக விடுகிறார்கள். அந்த இடைவெளியை அடைப்பதே ஹப் ரிங்.

வண்டியின் பாரத்தை இந்த வளையம் தாங்குவதில்லை. நட்டுகள் ரிம்மை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கும் பிடிதான் தாங்குகிறது. நட்டு முடுக்கும்போது சக்கரம் நடுவிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்வதே வளையத்தின் வேலை. ஆகவே பிளாஸ்டிக் என்றாலே பலவீனம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக் வளையம்

விலை குறைவு, துருப்பிடிக்காது, ஹப்போடு ஒட்டிக்கொள்ளாது. எதிரி வெப்பம்தான். பாலிகார்பனேட் ஏறக்குறைய 147 டிகிரி செல்சியசில் இளகும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 105 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள்.

அலுமினிய வளையம்

அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். பிரேக் சூட்டுக்கு அசையாது. ஆனால் இரும்பு ஹப்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு ஏற்பட்டு, வெள்ளைப் பொடி பூத்து, வளையம் ஹப்பில் இறுகிவிடும். தோட்டத்துச் செம்மண் சேற்றிலும் வெள்ள நீரிலும் ஓடும் வண்டிகளுக்கு இது சீக்கிரமே நடக்கும்.

எதைத் தேர்வது?

பட்டணத்துக்குள் ஓடும் சிறிய காருக்குப் பாலிகார்பனேட் போதும். பாரம் ஏற்றும், இறக்கத்தில் அடிக்கடி பிரேக் பிடிக்கும் பிக்கப்புக்கு அலுமினியம் நல்லது. பூட்டுமுன் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வளையம் படும் இடத்தில் மட்டும் ஒட்டாமல் தடுக்கும் கிரீஸை மெலிதாகப் பூச வேண்டும். போல்ட், நட்டு, ரிம் ஹப்போடு ஒட்டும் முகம் ஆகியவற்றில் கிரீஸ் படக்கூடாது.

வளையம் கையால் அழுத்தினாலே உட்கார வேண்டும். சுத்தியலால் அடித்தால்தான் போகும் என்றால் அளவு தவறு; லொடலொடவென ஆடினாலும் தவறு. சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

டயர் இடம் மாற்றும்போதெல்லாம் நான்கு வளையங்களையும் கழற்றித் துடையுங்கள். காரணம் ஸ்பேர் டயர். சிகாமட் - குவாந்தான் சாலையில் இரவில் டயர் பஞ்சரானால், 54.1 துளையுள்ள அசல் ஸ்பேர், ஹப்பில் இறுகிப்போன வளையத்தின் மேல் ஏறாது. வலிந்து முடுக்கினாலும் சக்கரம் தட்டையாக உட்காராது. ஓடும்போது நட்டு தளர்ந்துவிடும். எந்த வளையமானாலும் கையோடு கழன்று வருகிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவது நல்லது.