எம்டனும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

"அவன் சரியான எம்டன்டா!" ராயபுரம் பக்கம் வளர்ந்தவங்க இதைக் கேக்காம இருந்திருக்க மாட்டீங்க. கறாரான அப்பா, ஏமாத்தவே முடியாத கடைக்காரர், வட்டிக்காரர்... எல்லாரும் எம்டன்தான். 2006-ல 'எம்டன் மகன்'னு வெச்ச படத்தை 'எம் மகன்'னு மாத்தினாங்க, தமிழ்ப் பேருக்குத்தான் வரிவிலக்குன்னு. எங்க ஆயா இருந்திருந்தா "எம்டன் தமிழ் இல்லாம பின்ன என்ன?"ன்னு சண்டைக்கே போயிருக்கும் :)

இந்த எம்டன் பேர் பொறிச்ச ஒரு வெள்ளிப் பதக்கம் உண்டு. அதோட கதைதான் இந்தப் பதிவு.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில். முதல் உலகப்போர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நம்ம துறைமுகத்தைப் பார்த்து நூத்துக்கும் மேல குண்டு போட்டுது. பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிங்க பத்தி எரிஞ்சது. துறைமுகத்துல நின்ன 'சுப்ரா'ங்கற சரக்குக் கப்பல்ல குறைஞ்சது ஐந்து பேர் செத்தாங்க. எம்டன் சட்டுனு கிளம்பிப் போயிடுச்சு. ஊர் ஜனம்தான் திரும்ப வந்துடுமோன்னு மூட்டை கட்டி ரயில் ஏறிச்சு.

ஏழே வாரம். நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் தீவுக்கிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை மடக்கிடுச்சு. அடி தாங்காம எம்டன் பவளப்பாறையில ஏறி நின்னுது. அந்தப் பக்கம் 130 பேருக்கு மேல சாவு, சிட்னியில நாலு பேர்.

உடைஞ்ச கப்பல்ல இருந்து 6,429 மெக்சிகோ வெள்ளி டாலர் கிடைச்சுது. ஜெர்மன் கப்பல்ல மெக்சிகோ காசு எப்படின்னு கேக்கறீங்களா? எம்டன் சீனாவுல இருந்த சிங்தாவ் துறைமுகத்துலேர்ந்து கிளம்பின கப்பல். அன்னைக்கு சீனக் கடலோரம் முழுக்க செல்லுபடியான காசு அது. அதுல 1,000 காசை எடுத்து, மேல ஒரு கிரீடம் வெச்சு, ரெண்டு கப்பல் பேரையும் சண்டை நடந்த தேதியையும் பொறிச்சு, சிட்னி நகரத்து கெர்ங்கற நகைக்கடையில பதக்கமாக்கினாங்க. 'சிட்னி' கப்பல் ஆளுங்களுக்குக் கொடுத்தாங்க. மிச்சத்துல பொதுஜனத்துக்கும் வித்தாங்க. பாம்பைக் கவ்வின மெக்சிகோ கழுகு அப்படியே இருக்க, ஜெயிச்சவன் கிரீடம் மட்டும் மேல ஏறிடுச்சு!

படத்துல பாத்தப்ப எனக்கு ஒண்ணுதான் உறுத்துச்சு. பதக்கத்துல இருக்கறது நவம்பர் 9. செப்டம்பர் 22 இல்லை. அது கடற்படை ஜெயிச்ச நாளுக்கான பதக்கம், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா நம்ம துறைமுகத்துல செத்த அந்த ஐந்து பேருக்கு?

நமக்கு உயர் நீதிமன்றச் சுவர்ல ஒரு கல் இருக்கு. பாரிமுனை பக்கம் போறவங்க எத்தனை பேர் நின்னு படிக்கறாங்கன்னு தெரியலை. ஆனா அந்த ராத்திரி பயந்த பயம் மட்டும் நூறு வருஷம் தாண்டியும் நம்ம வாயில இருக்கு. அவங்களுக்கு வெள்ளி, நமக்கு ஒரு வசவு.

உங்க வீட்டுல யாரை எம்டன்னு சொல்லுவாங்க?