டிக்கெட் இல்லாத பயணி

கொங்கு நாட்டில் பல குழந்தைகளின் முதல் தூரப் பயணம் பழனிக்குத்தான். சில குடும்பங்களில் குலதெய்வம் முந்திக்கொள்ளும். முதல் மொட்டை அங்கே, இரண்டாவது பழனியில். ஒற்றைப்படை மாதம் பார்த்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்குவார்கள். காது குத்துவார்கள். மழித்த தலையில் சந்தனம் பூசி அழைத்துவருவார்கள். உடுமலையில் எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக இது நடக்கிறது. பழனி சுமார் 35 கிலோமீட்டர். ஊரும் மலையும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பிள்ளையைக் கொண்டுபோகும் விதம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

என் அமுச்சி மூத்த மகனை, அதாவது என் பெரிய மாமாவை, கூட்டு வண்டியில் கொண்டுபோனார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம். கூட்டின் மூங்கில் வளைவுகளில் பழைய நூல் சேலையைக் கட்டினால் தூளி தயார். தனியாக ஆட்ட வேண்டியதில்லை, மண்பாதையே ஆட்டிக்கொள்ளும். மூட்டையில் பாலாடை, உரைமருந்துக் கல், விளக்கில் சுட்ட வசம்பு, பழைய வேட்டியைக் கிழித்த துணிகள், கொஞ்சம் வேப்பிலை. (ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள், உரைமருந்துக் கல்லுக்கு இப்போது ஓய்வு.) கைப்பிள்ளையோடு உச்சி வேளையிலும் அந்தி வேளையிலும் வழியில் இருக்கக் கூடாது என்பது கட்டளை. அதனால் கோழி கூப்பிடும்போதே கிளம்பி, வெயில் ஏறுமுன் மடத்துக்குளம் பக்கம் அமராவதிக் கரையில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். காத்து கருப்பு பயம் என்று சொன்னாலும், அந்தக் கட்டளை பிள்ளையை வெயிலிலிருந்தும் இருட்டிலிருந்தும் காத்தது.

அந்த வண்டியில் ஒரு பெரிய வசதி இருந்தது. பிள்ளை அழுதால் வண்டி நின்றது. பால் கொடுத்து, துணி மாற்றி, ஏப்பம் விடவைத்த பிறகுதான் மாடு நகரும். பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தது கைக்குழந்தை.

1928-ல் திண்டுக்கல்லுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே மீட்டர்கேஜ் ரயில் வந்தது. உடுமலையும் பழனியும் ஒரே தடத்தில் சேர்ந்தன. என் அம்மாவின் மொட்டைக்கு அமுச்சி ரயிலில் போனார். அரை நாளுக்கு மேல் பிடித்த வழி சுருங்கிவிட்டது. ஆனால் அமுச்சி ரயிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்படித்தான் தொடங்குவார்: “வண்டிக்காரன் புள்ள அழுதா நிறுத்துவான் கண்ணு. ரயில்காரனுக்கு மணியடிச்சாத்தான் காது கேக்கும்.”

ரயில் குழந்தைக்குக் காசு கேட்கவில்லை. இன்றும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். அதைச் சலுகை என்று நாம் சந்தோஷப்படுகிறோம். டிக்கெட் இல்லை என்றால் இடமும் இல்லை என்பது அதன் மறுபக்கம். மூன்றாம் வகுப்பின் மரப்பலகையில் அம்மாவுக்குத்தான் கணக்கு; பிள்ளைக்கு மடி. எஞ்சினிலிருந்து கரித்தூள் பறக்கும், கண்ணில் விழாமல் முந்தானையைப் போர்த்த வேண்டும். ஆகவே பெண்கள் தாங்களே இடம் உண்டாக்கினார்கள். மேலே சாமான் பலகையின் கம்பியில் சேலையைக் கட்டித் தூளி போட்டார்கள். எதிரே இருப்பவர் முகம் சுளிக்காமல் காலை மடக்கிக்கொள்வார். கேட்காமலே ஆட்டியும் விடுவார்.

மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்த எழுபதுகளின் கடைசியில் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை வந்தது. பிள்ளைக்கென்று ஒரு துண்டு இடம் வந்ததோ 2022 மே மாதத்தில்தான்: லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில், கீழ்ப்படுக்கையோடு ஒட்டிய சின்னப் படுக்கையைச் சோதனையாக வைத்தார்கள். அது இன்னும் எல்லா ரயிலுக்கும் வரவில்லை.

என் மொட்டை அறுபதுகளின் தொடக்கத்தில், பஸ்ஸில். பஸ்ஸில் தூளி கட்ட வழியில்லை. அங்கே வேறொரு வழக்கம் வளர்ந்தது. பிள்ளையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் “பாப்பாவ இப்பிடிக் குடுங்க” என்று கை நீட்டுவார். யார் எவர் என்று கேட்காமல் அம்மாவும் கொடுத்துவிடுவாள். எந்தச் சட்டமும் எழுதாத ஏற்பாடு அது. பழனியில் இறங்கியதும் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினாராம். அப்போது விஞ்ச் கிடையாது. அது 1966-ல் வந்தது. என் மகள் அதில்தான் ஏறினாள். 2004-ல் ரோப் காரும் வந்துவிட்டது. பேரன் மொட்டைக்குக் காரில் போய், ரோப் காரில் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினோம்.

வேகம் இத்தனை மாறியும், பாலூட்ட ஒரு மறைவிடம் கிடைக்க 2015 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் தமிழக அரசு பேருந்து நிலையங்களிலும் மற்ற பொது இடங்களிலுமாக 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அதுவரை பஸ் ஸ்டாண்டில் கைப்பிள்ளைக்காரிகளுக்குத் தூண் மறைவும் முந்தானையும்தான். 2022-ல் அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லா வயது மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. கோயில்களில் மொட்டைக்கான கட்டணமும் அதற்கு முந்தைய ஆண்டே நீக்கப்பட்டிருந்தது. எல்லாம் நல்லவைதான். ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், கட்டணத்தை விட்டுக்கொடுக்க எப்போதும் ஆள் இருந்திருக்கிறது; இடத்தை விட்டுக்கொடுக்கத்தான் இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நான் பார்த்த பாலூட்டும் அறைகளில் சில பூட்டிக் கிடக்கின்றன, சில விளக்குமாறும் வாளியும் வைக்கும் இடமாகிவிட்டன. அடுத்த முறை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது, உங்கள் வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதோ இல்லையோ, அந்த அறை திறந்திருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி எங்கே என்று நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் சாவி வெளியே வரும்.