இரு மருத்துவரின் கையொப்பம்

1967ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற பிரிட்டனின் கருக்கலைப்புச் சட்டம், பெண்ணுக்கு உரிமை வழங்கிய சட்டமென்று பரவலாகப் போற்றப்பட்டாலும், பழிக்கப்பட்டாலும், அதன் வாசகத்தைப் படிப்போர் அங்கே காண்பது மருத்துவருக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பையே. அச்சட்டத்தை முன்மொழிந்த லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீலின் நிலைப்பாட்டையும் இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே பொருத்தம்.

கருவுற்ற பெண் தன் கருவைத் தானே கலைக்க முயன்றாலும், பிறர் அதைச் செய்தாலும், ஆயுள் தண்டனை வரை விதிக்க 1861ஆம் ஆண்டின் குற்றச் சட்டம் இங்கிலாந்தில் இடமளித்திருந்தது. 1938இல் லண்டன் மகப்பேறு மருத்துவர் அலெக் போர்ன், படைவீரர்களின் வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்துவிட்டுத் தாமே காவல்துறைக்குத் தெரிவித்து வழக்கை எதிர்கொண்டார். உடல்நலமோ மனநலமோ முற்றிலும் சிதையும் நிலையில் ஒரு பெண்ணைக் காப்பது அவளது உயிரைக் காப்பதாகவே கருதப்படலாம் என்று நீதிபதி மக்நாட்டன் ஜூரிகளுக்கு எடுத்துரைத்ததை அடுத்து போர்ன் விடுதலையானார். எனினும் ஒரு நீதிபதியின் விளக்கத்தை நம்பிக் கத்தியை எடுக்கப் பல மருத்துவர்கள் தயங்கினர். பணம் படைத்த பெண்கள் தனியார் மருத்துவரை நாட, இல்லாதவர்கள் ரகசியமாகக் கருக்கலைப்போரிடம் சென்று உயிரையே பணயம் வைத்தனர்.

ஸ்காட்லாந்தின் நிலை வேறு. 1861ஆம் ஆண்டின் சட்டம் அங்கே செல்லாது. நீதிமன்ற வழக்காற்றின் வழி வளர்ந்த பொதுச்சட்டமே நடப்பிலிருந்தது. அதன் நெகிழ்வைப் பயன்படுத்தி, அபர்டீன் நகரின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் டுகால்ட் பெயர்ட், வறுமையாலும் அடுத்தடுத்த பிரசவங்களாலும் நலிந்த பெண்களுக்கு மருத்துவமனையிலேயே வெளிப்படையாகக் கருக்கலைப்புச் செய்துவந்தார். ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகனும், 1965 இடைத்தேர்தலில் 26 வயதில் வென்று அவைக்கு வந்தவருமான ஸ்டீல், பெயர்டின் கருத்தைக் கேட்டறிந்தவர். தம் தொகுதியில் செல்லாத ஒரு சட்டத்தின் பிடியைத் தளர்த்தவே அவர் பெரிதும் பாடுபட்டார் என்பது வரலாற்றின் சிறு விசித்திரம்.

அரசு அல்லாமல் உறுப்பினர் ஒருவர் தாமே கொண்டுவரும் மசோதா ‘தனிநபர் மசோதா’ எனப்படும். அதற்கு ஒதுக்கப்படும் நேரம் சொற்பம் என்பதால் வாய்ப்பு யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். முன்பு பலர் முயன்று தோற்ற இப்பொருளை, 1966இல் குலுக்கலில் மூன்றாம் இடம் பெற்ற ஸ்டீல் கையிலெடுத்தார். கருக்கலைப்புச் சட்டச் சீர்திருத்தச் சங்கம் 1936 முதல் நடத்திவந்த இயக்கம் அவருக்குப் பக்கபலமாயிற்று. ஜூலை 22 அன்று 223க்கு 29 என்ற வாக்குகளில் மசோதாவின் கொள்கை ஏற்கப்பட்டது.

அதன் பிறகே பேரம் தொடங்கியது. தாயாக இருந்து பிள்ளை வளர்க்கும் ஆற்றல் மிகையான சுமைக்கு உள்ளாகுமானால் கருவைக் கலைக்கலாம் என்றிருந்த சமூகக் காரணப் பிரிவை மருத்துவ அமைப்புகள் எதிர்த்தன. ஸ்டீல் அதைக் கைவிட்டார். ஆனால் பெண்ணின் நலத்தைக் கணிக்கும் மருத்துவர் அவளது வாழ்க்கைச் சூழலையும் கருத்தில் கொள்ளலாம் என்ற வாசகம் இடம்பெற்றது. முன்வாசலில் மறுக்கப்பட்டதைப் பின்வாசல் வழியே கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில்தான் அவரது சட்டமன்றத் திறமை முழுமையாக வெளிப்படுகிறது. உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் ஆதரவு தந்தார். அரசு கூடுதல் நேரம் ஒதுக்க, 1967 ஜூலையில் விடிய விடிய நடந்த அமர்வின் முடிவில் 167க்கு 83 என மசோதா நிறைவேறியது.

நிறைவேறிய சட்டத்தின்படி, இரு மருத்துவர்கள் நல்லெண்ணத்துடன் ஒரே கருத்துக்கு வந்து சான்றளிக்க வேண்டும்; மனசாட்சியின் பேரில் விலகி நிற்க மருத்துவருக்கு உரிமை உண்டு; வட அயர்லாந்துக்குச் சட்டம் பொருந்தாது. பெண்ணின் விருப்பம் மட்டும் போதும் என்று எந்தப் பிரிவும் கூறவில்லை. இக்குறையை மறுக்க இயலாது. ஆயினும், பெண்ணின் முழு உரிமையைக் கோரியிருந்தால் அந்த அவையில் மசோதா தேறியிராது. 1970களில் சட்டத்தின் வரம்பைச் சுருக்க வந்த மசோதாக்கள் தோற்றன. கால வரம்பு 28 வாரத்திலிருந்து 24ஆகக் குறைந்தது 1990இல்தான்.

இந்தியாவும் ஏறத்தாழ இவ்வழியையே தேர்ந்தது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1971இல் இயற்றப்பட்ட சட்டம் 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தையும், 20 வாரம் வரை இருவரின் கருத்தையும் கோரியது. 2021இல் இவ்வரம்புகள் முறையே 20, 24 வாரங்களாகத் தளர்த்தப்பட்ட பிறகும் மருத்துவரின் ஒப்புதல் கட்டாயமாகவே இருக்கிறது; கருக்கலைப்பைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது.