கே. பி. சுந்தராம்பாளின் துறவு வேடங்கள்
எஸ். ஜி. கிட்டப்பாவின் மறைவுக்குப் (1933) பிந்தைய கே. பி. சுந்தராம்பாளின் திரைவாழ்வைக் கைம்மை நோன்பின் நீட்சியாக மட்டும் வாசிப்பது போதுமானதன்று. 'பக்த நந்தனார்' (1935) படத்தில் அவர் ஏற்றது ஆண்வேடம். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அன்றைய நிலையில் இத்தொகை ஆதரவற்ற கைம்பெண் என்னும் சித்திரத்தோடு பொருந்துவதில்லை. பின்னர் அமைந்த மணிமேகலை (1940), ஔவையார் (1953), 'பூம்புகார்' (1964) படத்தின் கவுந்தியடிகள் ஆகிய பாத்திரங்களும் இல்லறத்துக்கு வெளியே நிற்பவை. இணைநாயகன் தேவைப்படாத இவ்வேடங்களில், நாடகமேடையில் ஒலிபெருக்கியின்றிப் பயின்ற உச்சக்குரலே மையமாயிற்று. நாயகியின் இளமையைச் சாராத இத்தெரிவை நோன்பு என்பதினும் தொழில்நுட்பம் அறிந்த கலைஞரின் முடிவு எனக் கொள்வதே தகும். 'துணைவன்' (1969) பாடல்களுக்குத் தேசிய விருது பெற்றபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார்.