வரைபடத்தின் மூலையில் ஒரு தேதி



2013ஆம் ஆண்டில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்வதற்காக ஒரு வரைபடம் தயாரித்தேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து துன் சம்பந்தன் சாலையிலுள்ள மோனோரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் வழிதான் அதில் முக்கியம். கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் வரைந்தேன். மூலையில் தேதியை நானே எழுதாமல், கோப்பைத் திறக்கும் நாளின் தேதியைக் கணினியே இட்டுக்கொள்ளும்படி ஒரு சிறு கட்டளையைச் சேர்த்துவிட்டேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது!

2016இல் அதே கோப்பைத் திறந்து, அச்சிட்டு, பெற்றோரிடம் கொடுத்தேன். இடையில், 2014இல், நூ சென்ட்ரல் வணிக வளாகம் திறக்கப்பட்டு, நடைவழி அதனுள்ளே சென்றுவிட்டது. என் வரைபடத்திலோ பழைய வெளிவழிதான் இருந்தது. மூலையில் மட்டும் அந்த வாரத்துத் தேதி. ஒரு தந்தை தம் மகளுடன் அரை மணி நேரம் அலைந்துவிட்டு வந்து சேர்ந்தார். "தேதியைப் பார்த்துதான் டீச்சர் நம்பினேன்" என்றார். பிழை கணினியுடையது அன்று, என்னுடையது. தேதி எனில் எந்தத் தேதி என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட பழைய ஓரங்குல வரைபடங்களில் நிலம் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, மறு அச்சிட்ட ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தார்கள். நம் நாட்டு நில அளவைத் துறையின் இடவிளக்கப் படங்களிலும் தாளின் ஓரம் வெற்றிடமன்று. ஒரு மைலுக்கு ஓரங்குலம், அதாவது 1:63,360 அளவிலான எல் 7010 தொடராயினும், பின்னர் வந்த 1:50,000 அளவிலான எல் 7030 தொடராயினும், ஓரத்தில் தொடர் எண், தாள் எண், பதிப்பு எண் ஆகியவை உண்டு. நம்மில் பலர் படத்தைச் சுவரில் ஒட்டுவதற்காக முதலில் கத்தரித்து எறிவது அந்த ஓரத்தைத்தான்.

கடலோடிகள் இன்னும் கண்டிப்பானவர்கள். கிள்ளான் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவரும் மாலுமியிடம் தாளில் அச்சிட்ட பிரிட்டிஷ் கடல்வரைபடம் இருந்தால், அதன் இடப்பக்கக் கீழ்மூலையைப் பாருங்கள். மாலுமிகளுக்கான அறிவிப்பு வந்ததும், அவர் ஊதா மையால் படத்தைத் திருத்துகிறார். பிறகு அந்த அறிவிப்பின் ஆண்டையும் எண்ணையும் அம்மூலையில் தம் கையால் எழுதுகிறார். திருத்தம் முதலில், எண் அதன் பிறகு. ஓர் எண் விடுபட்டிருந்தால் மணல்திட்டு ஒன்று விடுபட்டிருக்கலாம் அன்றோ?

இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சி வரைபடக்காரர்களிடமிருந்து வரவில்லை. நிரல் எழுதுவோரிடமிருந்து வந்தது. 1972இல் பெல் ஆய்வகத்தின் மார்க் ராச்கைண்டு எஸ்சிசிஎஸ் என்னும் கருவியை உருவாக்கினார். கோப்பினுள் விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே ஓர் எழுத்தை இட்டுவைத்தால், அவ்விடத்தில் பதிப்பு எண்ணையோ தேதியையோ அதுவே நிரப்பிவிடும். 1982இல் வால்டர் டிக்கி வெளியிட்ட ஆர்சிஎஸ், அவ்வேலைக்கு டாலர் குறிகளைப் பயன்படுத்தியது. ஆர்சிஎஸ்ஸில் நிரப்பப்பட்டது, திருத்தத்தைப் பதிவு செய்த நாள். கோப்பைத் திறந்து பார்த்த நாள் அன்று. நான் தவறவிட்ட நுட்பம் இதுவே. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட், கோப்புக்குள் தேதியை எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டது. (பதிப்பு எண் என்றதும் டொனால்டு நூத்தின் டெக் மென்பொருள் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் எண் 3.14, 3.141 என்று பையின் மதிப்பை நெருங்கிக்கொண்டே போகும். கணித ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம்.)

வரைபட மென்பொருள்களுக்கு இது தாமதமாகவே வந்தது. 2010இல் வெளிவந்த ஆர்க்ஜிஐஎஸ் 10, தானே மாறும் எழுத்துகளை அறிமுகப்படுத்தியது. அதில் 'இன்றைய தேதி' ஒரு தேர்வு, 'சேமித்த தேதி' இன்னொரு தேர்வு. பைத்தான் நிரல் கொண்டு நூறு படங்களின் மூலை எழுத்தை ஒரே மூச்சில் மாற்றவும் வழி செய்தது. கை எழுத்துப் பிழை ஒழிந்தது, நல்லதே. ஆயினும் நூறு படங்களில் ஒரே பொய்யை ஒரே மூச்சில் எழுதவும் அதே நிரல் போதும்.

மூலை எழுத்து பொய் சொன்னாலும் படத்தின் உள்ளடக்கம் சொல்லாது. இதை ஐந்தாம் ஆண்டு மாணாக்கரிடம் சோதித்துப் பார்த்தேன். தேதியை மறைத்துவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய படங்களைக் கொடுத்தேன். கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை இருந்தால் படம் 1886க்குப் பிற்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்தால், அத்துறைமுகம் திறந்த 1901க்கும் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய 1972க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம். கோலாலம்பூரைச் சுற்றிக் கூட்டரசுப் பிரதேச எல்லை வரையப்பட்டிருந்தால் 1974 பிப்ரவரி 1க்குப் பின்னையது. பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் இயங்கினால் 2001 அல்லது அதற்குப் பின். ஒரு மாணவன், "சுவெட்டன்ஹாம் என்று போட்டுவிட்டுக் கூட்டரசு எல்லையையும் வரைந்திருந்தால்?" என்று கேட்டான். அத்தகைய படத்தில் யாரோ ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்திருக்கிறார் என்றேன். என் 2016ஆம் ஆண்டுப் படம் உடனே நினைவுக்கு வந்தது.

இப்போது என் வரைபடங்களின் மூலையில் இரண்டு வரிகள் உள்ளன. அச்சிட்ட நாளைக் கணினியே இடுகிறது. களத்தில் சரிபார்த்த நாளுக்கு வேறு ஏற்பாடு: ஒவ்வொரு வழிக்கும் இடத்துக்கும் நான் நேரில் பார்த்த தேதியை அட்டவணையில் பதிகிறேன்; நிரல் அவற்றுள் மிகப் பழையதை எடுத்து எழுதும். மிகப் புதியதை எடுக்கலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார், படம் பழையதாகத் தெரிகிறதாம்! தெரியட்டும் என்றுவிட்டேன். பதிப்பு எண்ணை மட்டும் நிரலிடம் விடவில்லை, கையால்தான் மாற்றுகிறேன்.

சென்ற முறை மாணாக்கர் படத்துடன் நடந்தபோது, 2017இல் திறந்த மியூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்குச் செல்லும் இணைப்பு நடைவழி அதில் இல்லாததைக் கண்டுபிடித்துப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தனர். அதைச் சேர்த்து, மற்ற வழிகளையும் மறுபடி நடந்து பார்த்து, அட்டவணையைத் திருத்திய பின்னரே மூன்றை நான்காக்கினேன்.