முட்டைக்கு மாற்றாக வாழைப்பழம்

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் அவ்வுணவில் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. எவரையும் வற்புறுத்தாமல், எவரையும் வெறுங்கையுடன் விடாமல் பந்தியில் அமர்த்திய இவ்வழக்கம் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஆயினும் முட்டையின் புரதத்தை வாழைப்பழம் ஈடுசெய்யாது. ஒத்துக்கொள்ளுமாயின் பருப்பும் மீனும் வீட்டில் சேர்த்தல் வேண்டும்.

தாம்பரத்தில் நம் மதரஸாவில் ஒருமுறை கடலை மிட்டாய் வழங்கினோம். நிலக்கடலை ஒவ்வாத சிறுவன் ஒருவன் மறுக்கக் கூசி உண்டுவிட்டான். உதடு வீங்கிய அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். அல்ஹம்துலில்லாஹ், நலமடைந்தான்.

அன்றுமுதல் சேர்க்கையின்போதே ஒவ்வாத உணவைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம்; அவனும் உண்ணத்தக்க பேரீச்சம்பழத்தையே அனைவருக்கும் தருகிறோம். பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம்.